இடது சில்லும் ஊதிப் பெருப்பித்த ஆளும்

செல்வராசா கராஜுக்குள் முக்காலி போட்டு இருந்து கட்டை சீவிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் சீவுளியில். இடது காலை மட்டும் என்னிடம் தந்திருந்தார்; நான் அந்த முழங்காலை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தேன். வாய், பிராங்பேர்ட்டில் வேலை செய்கிற மகள் கவிசாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. பசைப் பேணியில் சாய்த்து வைத்த போனிலிருந்து அவளுடைய குரல் கராஜ் முழுக்கக் கேட்டது.

“அப்பா, நீங்கள் அமெரிக்கன் புட்போல் ஒரு முழு மட்ச்கூடப் பார்த்ததில்லை. வாட்ஸ்அப்பிலை வாற குட்டி வீடியோவை வைச்சுக்கொண்டு டேரன் ஹோல்டைப் பற்றிக் கதைக்கிறியள்.”

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். அவன் ஊதிப் பெருப்பிச்ச ஆள்.”

“அவர் இல்லாட்டி இந்தக் கிளப் போன வருஷமே கீழை இறங்கியிருக்கும்.”

“சேயோன் இல்லாட்டி அவர் ஆஸ்பத்திரியிலை இருந்திருப்பார். அடி முழுக்க உன்ர மச்சானுக்கு, படம் முழுக்க அந்த அமெரிக்கனுக்கு. பஸ்ஸிலையும் அவன்ர மூஞ்சைதான் ஒட்டியிருக்கு. யோகமக்கா, நீங்களே சொல்லுங்கோ.”

“எனக்கு முழங்கால்தான் தெரியும்” என்றேன். “இது இவ்வளவுதான் மடங்குது. குந்த ஏலாது.”

சீவுளி நின்றது. அந்த வீட்டில் அந்தக் கிழமை சொல்லக்கூடாத சொல் அதுதான்.

நான் பக்கத்து வீட்டுக்காரி. முதியோர் பராமரிப்பில் படித்து, அதிலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவள். முழங்காலைப் பார்த்தால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொல்லிவிடுவேன். செல்வராசாவுக்கு இலையுதிர் காலத்தில் ஒப்பரேசனுக்கு நாள் எடுத்தாயிற்று. ஆனால் கோயில் தேர்த் திருவிழா வருகிற ஞாயிற்றுக்கிழமை.

செல்வராசாவுக்கு வயது ஐம்பத்தொன்பது. இருபது வயதில் கிழக்கு பேர்லின் வழியாக வந்து, ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் அகதிகள் விடுதியில் இருந்து, உணவகங்களில் சட்டி கழுவி, கடைசியில் கேபிள் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் நிலைத்துவிட்டவர். அங்கேயும் இயந்திரத்தின் பின்பக்கம்தான் வேலை. முன்பக்கத்துக்கு மாற்றித் தருகிறோம் என்று சொன்னபோது வேண்டாம் என்றவர். எந்த வேலையிலும் அடியில் நிற்பவனே வேலைக்காரன், முன்னுக்கு நிற்பவன் காட்சிப் பொருள் என்பது அவருடைய கொள்கை.

கோயிலிலும் அப்படித்தான். எங்களுடையது ஹம்மில் இருக்கிற ஊன்ட்றொப் கோயில் மாதிரிப் பெரியதல்ல. தொழிற்பேட்டையில், முன்பு டைல்ஸ் கிடங்காக இருந்த கட்டடத்தில் முருகன் இருக்கிறார். தேரும் சிறியதுதான். ஆனாலும் மரத்தேர், இரும்புப் பட்டை போட்ட நான்கு சில்லு. அந்தத் தேர் முதன்முதல் ஓடிய வருடத்திலிருந்து முன் இடது சில்லு செல்வராசாவுடையது. சில்லுக்குப் பக்கத்தில் குந்தியபடி நகர்ந்து, வேண்டிய இடத்தில் சறுக்குக் கட்டையைச் செருகுவார். இரண்டு பக்கமும் கட்டை போட்டால் தேர் நிற்கும். இடது சில்லுக்கு மட்டும் போட்டால் தேர் இடது பக்கம் திரும்பும். தேருக்குச் சுக்கானும் அதுதான், பிரேக்கும் அதுதான். ஊர் மணலில் கட்டை தானாகவே பிடித்துக்கொள்ளும். இங்கே தார் ரோட்டில் வழுக்கும். அதனால் கட்டையின் அடியில் பழைய கார் டயரை வெட்டி ஒட்டுவது அவர் கண்டுபிடித்த முறை. இப்போது வேறு கோயில்காரரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

போன வருடம் பாலத்து இறக்கத்தில் அந்த முழங்கால் ஒரு கணம் மடங்க மறுத்தது. கட்டை பிந்தி விழுந்தது. சில்லு அவருடைய பெருவிரல் நகத்தை உரசிக்கொண்டு போய் நின்றது. அதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். மற்றது, பின் சில்லில் நின்ற பிரதாப். பிரதாப் வெல்டிங் வேலை செய்கிறவன், வாய் அடங்காதவன். அவன் அன்றைக்கே கலாதேவியிடம் சொல்லிவிட்டான்.

கலாதேவி செல்வராசாவின் மனைவி. திருவிழாச் சபையின் தலைவியும் அவள்தான். வீட்டில் அவரோடு என்ன பேசினாளோ தெரியாது. இந்த வருடக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் நேராகச் சொன்னாள்.

“இடது சில்லு பிரதாப்புக்கு. சிவகுருநாதன் அண்ணை லண்டனுக்குப் போட்டார், தேரிலை நிண்டு துண்டு காட்ட ஆளில்லை. நீங்கள் ஏறுங்கோ.”

தேரின் முன் தட்டில் நின்று வெள்ளைத் துண்டை அசைத்து, வடம் பிடிக்கிறவர்களுக்கு இழு, பொறு என்று காட்டுகிற வேலை. படம் எடுக்கிறவர்களின் கமராவில் சுவாமிக்கு அடுத்தபடி விழுகிற முகம் அது.

“நான் துண்டு காட்டிறதோ!” என்றார் செல்வராசா. “அந்த மனிசன் இவ்வளவு காலமும் மேலை நிண்டு கத்தினவர். தவில் அடியிலை ஒரு சொல்லு எங்களுக்குக் கேட்டதில்லை. நாங்கள் சில்லைப் பார்த்து நாங்களாத்தான் கட்டை போட்டனாங்கள். அவர் சும்மா கையை ஆட்டினவர்.”

“அப்ப நீங்களும் சும்மா ஆட்டுங்கோ.”

“ஏலாது.”

“ஏலாதெண்டால் வாசலிலை நிண்டு செருப்பைப் பாருங்கோ. சனிக்கிழமைச் சப்பறத்துக்கு முதல் எனக்கு ஒரு பதில் வேணும். ஞாயிறு காலமை பொலிஸ்காரருக்கு ஆரார் எங்கை நிக்கிறது எண்டு நான் காட்ட வேணும். வீட்டிலைதான் புருஷன். கோயிலிலை நீங்களும் ஒரு தொண்டர்தான்.”

இதுதான் அவருக்கு அந்தக் கிழமை இருந்த பிரச்சினை. துண்டை வாங்கினால், முப்பது வருடமாகத் தான் பழித்த வேலையைத் தானே செய்ய வேண்டும். வாங்காவிட்டால் தேரை விட்டே போக வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் குவாட்டர்பேக்கைப் பற்றித்தான் பேசினார். தேரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

குவாட்டர்பேக் என்றால் என்னவென்று எனக்கும் அந்தக் கிழமைதான் விளங்கியது. அமெரிக்கப் புட்போலில் ஐந்து தடியர்கள் முன்னால் சுவர்போல நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கிற ஒருவர் பந்தை வாங்கி எறிவார், அல்லது ஓடுகிறவனிடம் கொடுப்பார். எல்லாம் அவர் சொல்கிறபடிதான். அவர்தான் குவாட்டர்பேக். எங்கள் பக்கத்துக் கிளப் லிப்ப பைசன்ஸ். அதன் குவாட்டர்பேக் ஒகையோவிலிருந்து வந்த டேரன் ஹோல்ட். சுவரில் இடது பக்கம் நிற்கிறவன் செல்வராசாவின் தங்கை மகன் சேயோன். கதவை மறைத்து நின்றால் வெளிச்சம் வராத உடம்பு, சின்னப்பிள்ளைகளின் பல் வைத்தியரிடம் உதவியாளன் வேலை.

“சனிக்கிழமை பின்னேரம் மட்ச் இருக்கு” என்றாள் போனில் கவிசா. “நான் பிராங்பேர்ட்டிலை இருந்து நேரை கிரவுண்டுக்கு வாறன். நீங்களும் வாங்கோ. கண்ணாலை பார்த்துப்போட்டு அவர் ஊதிப் பெருப்பிச்ச ஆளெண்டு சொன்னால், நான் வாயைத் திறக்கமாட்டன்.”

“வாறன். வந்து சேயோனுக்கு ஒரு ஆதரவு குடுக்கிறன். எல்லாரும் அந்த ஹோல்டுக்குத்தானே கத்துவினம்.”

சீவுளி மறுபடி ஓடத் தொடங்கியது. நான் முழங்காலுக்குப் பட்டி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை நல்ல வெயில். செல்வராசா, பிரதாப், நான் மூவரும் பிரதாப்பின் வானில் போனோம். கலாதேவி சப்பறம் சோடிக்கக் கோயிலிலேயே நின்றுவிட்டாள். பிரதாப் தான் பழகுகிற தவிலைக் கொண்டுவந்தான். செல்வராசா, கோயிலில் வெடிப்பு விழுந்து கழித்துவிட்ட சேமக்கலத்தைச் சீலைப் பைக்குள் போட்டு எடுத்துவந்தார். வெண்கலத் தட்டு, அதை அடிக்க ஒரு மரக்கொட்டான். வெடித்தது என்றாலும் சத்தத்துக்குக் குறைவில்லை.

திருவிழாக் காலம் என்பதால் சொசேஜ் கடைக்கு எட்ட இருந்து, நான் கொண்டுபோன கடலை வடையைப் பிரித்தோம். எங்களுக்குப் பக்கத்தில் பைசன்ஸ் தொப்பி போட்ட ஒரு ஜெர்மன் பெண்மணி. ஆயிரம் பேர் வரை இருப்பார்கள். எதிரணியிடம் பந்து இருக்கும்போது அத்தனை பேரும் கூச்சல் போட்டார்கள், தகரம் தட்டினார்கள். பைசன்ஸிடம் பந்து வந்ததும் மைதானம் செத்த வீடு மாதிரி அமைதியாகிவிட்டது.

செல்வராசாவுக்குப் பொறுக்கவில்லை. “பார்த்தியே பிரதாப்! எங்கடை பெடியன் முட்டப் போற நேரம் ஒருத்தருக்கும் சத்தமில்லை. என்ன சனமடா இது! தேர் வெளிக்கிடேக்கை மேளம் இல்லாமல் வெளிக்கிடுமே? அடி!”

பிரதாப் அடித்தான். செல்வராசா சேமக்கலத்தை ஓங்கி அடித்தார். நான் காதைப் பொத்தினேன். சேயோன் தலையை ஒருதரம் தூக்கிப் பார்த்தான். அடுத்த கணம் முன்னுக்குப் பாய்ந்தான். ஆனால் மற்றவர்கள் பாயவில்லை. நடுவர் இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து நிலத்தில் எறிந்தார். பைசன்ஸை ஐந்து யார்ட் பின்னுக்குப் போகச் சொன்னார்கள்.

“என்னத்துக்கடா அது?”

“உற்சாகத்திலை கொஞ்சம் முந்திப்போட்டான் போலை” என்றான் பிரதாப்.

“உற்சாகம் நல்லதுதானே. அடி, அடி!”

மறுபடி மஞ்சள் துணி. மறுபடி பின்னுக்கு. செல்வராசாவுக்குச் சந்தேகம் வந்தது. “அந்த நடுவர் சேயோனிலை கண் வைச்சிருக்கிறான். கறுவல் பெடியன் எண்டுதான். இன்னும் பலமா அடி, எங்களுக்குச் சனம் இருக்கெண்டு தெரியட்டும்.”

ஹோல்ட் என்கிற அந்த மனிதர் எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளையும் கீழே பார்க்க வைத்து மெல்ல அமர்த்திக் காட்டினார்.

“எங்களுக்குக் கை காட்டுறார்” என்றான் பிரதாப்.

“வேஷம். சனத்தைப் பிடிக்கிற வேலை” என்றார் செல்வராசா. ஆனாலும் மரியாதைக்குத் திருப்பிக் கை காட்டினார். பக்கத்துப் பெண்மணி எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். சத்தத்தில் தலையிடிக்கிறதாக்கும் என்று நினைத்து நான் வடை கொடுத்தேன். நன்றி என்று வாங்கித் தின்றுவிட்டு மறுபடி விரலை வைத்தார்.

அடுத்த தரம் ஹோல்ட் எறிந்த பந்து நேரே எதிரணிக்காரன் கையில் விழுந்தது. செல்வராசா முழங்காலை மறந்து எழும்பிவிட்டார்.

“பார்! பார்! நான் கண்ணை மூடிக்கொண்டு எறிஞ்சாலும் எங்கடை ஆளுக்கு எறிவன்! இவனையோ பஸ்ஸிலை ஒட்டியிருக்கிறாங்கள்!”

சிறிது நேரத்தில் இன்னொரு பந்தும் அப்படியே போனது. அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. “யோகமக்கா, நீங்கள் சாட்சி. கவிசா வந்தால் ஒண்டும் விடாமல் சொல்ல வேணும்” என்று எனக்கு உத்தரவு. பைசன்ஸ் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அவருடைய முகமோ கொடியேற்றம் பார்த்த முகம் மாதிரி மலர்ந்திருந்தது. எனக்கும் வியர்த்தது. விளையாட்டு ஒன்றுக்காக நான் கதிரை நுனியில் இருந்தது அதுதான் முதல் தடவை.

கவிசாவின் ரயில் வழக்கம்போலப் பிந்தியது. அவள் வந்து படியேறும்போது விளையாட்டு கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. பைசன்ஸிடம் பந்து. செல்வராசா கொட்டானை ஓங்கினார்.

“அப்பா! ஐயோ, நிப்பாட்டுங்கோ! கீழை வரைக்கும் சத்தம் கேட்டது. எதிரணியின்ர ஆக்களாக்கும் எண்டு நினைச்சன். நீங்களே அது?”

“என்னடி?”

“எங்கடை ஆக்களிட்டைப் பந்து இருக்கேக்கை சத்தம் போடக்கூடாது! ஹோல்ட் எண்ணிச் சொல்லுறது முன்னுக்கு நிக்கிறவைக்குக் கேக்க வேணும். அது கேட்டுத்தான் அவை பாயிறது. கேக்காட்டி ஒருத்தர் முந்துவார், ஒருத்தர் பிந்துவார். ஆர் எங்கை ஓடுறதெண்டும் அவர் அந்த நேரம்தான் மாத்திச் சொல்லுறவர். சத்தம் போடுறது மற்றவைக்குப் பந்து போனால்தான்!”

செல்வராசாவின் கை அந்தரத்தில் நின்றது. “அப்ப அந்த மஞ்சள் துணி?”

“எத்தினை தரம் விழுந்தது?”

பிரதாப் தவிலைப் பார்த்தான். நான் வடைப் பெட்டியை மூடினேன். பக்கத்துப் பெண்மணி கவிசாவைப் பார்த்து, அப்பாடா என்பதுபோல நெஞ்சில் கை வைத்தார்.

“பந்து ரெண்டு தரம் மாறிப் போனதும்...” என்று செல்வராசா தொடங்கி, முடிக்காமல் விட்டார். அந்தக் கிழமை முழுக்க அவர் தேடிய ஆதாரம் கையில் கிடைத்தது. கிடைத்தபோது, அதைத் தன் சேமக்கலத்தால் தானே அடித்துச் செய்திருக்கிறார் என்றும் தெரிந்தது.

கீழே ஹோல்ட் மறுபடி எங்கள் பக்கம் திரும்பினார். உள்ளங்கை இரண்டையும் அமர்த்தினார். இந்தத் தடவை செல்வராசா சேமக்கலத்தை மடியில் வைத்து, அது அதிராதபடி கையால் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் ஹோல்டின் குரல் எங்களுக்குக் கேட்டது. கரகரத்த, அடைத்த குரல். தோளில் கனத்த பட்டி ஒட்டியிருந்தார். அவர் எட்டி எட்டி எதிரணியைப் பார்த்தார். வலது பக்கம் ஆட்கள் நெருங்குவதைக் கண்டு இடது பக்கம் விரலைக் காட்டினார். ஏதோ கத்தினார். சேயோன் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னுக்கு நின்ற காலை மட்டும் ஒரு அடி மாற்றி வைத்தான். செல்வராசா என் கையைப் பிடித்தார். பிடி இரும்புப் பிடி.

ஐந்து பேரும் ஒரே கணத்தில் பாய்ந்தார்கள். சேயோன் தனக்கு முன்னால் நின்றவனை ஒரு அலுமாரியைத் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டு போனான். அந்த இடைவெளிக்குள்ளால் ஓட்டக்காரன் பந்தோடு புகுந்து கோட்டைத் தாண்டி விழுந்தான். ஹோல்ட் எறியவே இல்லை. பந்தை ஓட்டக்காரனிடம் கொடுத்துவிட்டு நின்றார். அவ்வளவுதான். மைதானம் வெடித்தது!

“இப்ப அடிக்கலாமே?” என்று செல்வராசா மகளைக் கேட்டார்.

“இப்ப அடியுங்கோ!”

அவர் அடித்த அடியில் பழைய வெடிப்பு இன்னும் நீண்டது. தொப்பிப் பெண்மணி என்னைக் கட்டிப்பிடித்தார். பைசன்ஸ் வென்றுவிட்டார்கள்.

விளையாட்டு முடிந்து கார் நிறுத்துமிடத்துக்குச் சேயோன் வந்தான். கைவிரல்கள் எல்லாம் பட்டி. நான் பிடித்துப் பார்த்தேன். முறிவு இல்லை, வீக்கம்தான். வானின் படியில் இருந்து, மிச்ச வடை முழுவதையும் தின்றான்.

“மாமா, அந்தக் கோயில் மணியை ஆர் கொண்டுவரச் சொன்னது? சேமக்கலம் கேட்டால் எனக்குக் கால் தானா வெளிக்கிடுது. சின்னனிலை இருந்து அது கேட்டால் எழும்பிக் கும்பிட்டுப் பழக்கம்.”

கவிசா விழுந்து விழுந்து சிரித்தாள். செல்வராசா சிரிக்கவில்லை.

“அது கிடக்கட்டும். நீ ஒளிக்காமல் சொல்லு. அவன் ஊதிப் பெருப்பிச்ச ஆள்தானே?”

சேயோன் வடையை விழுங்கினான். “ஓம் மாமா.”

“டேய்!” என்றாள் கவிசா.

“உண்மையைத்தானே கேக்கிறார். இந்த வருஷம் அவருக்குத் தோள் சரியில்லை. தூர எறிய ஏலாது. பஸ்ஸிலை ஒட்டியிருக்கிற அளவுக்கு ஆள் இல்லை.”

“கேட்டியே!” என்று மகளைப் பார்த்துச் சொன்னார் செல்வராசா.

“ஆனா மாமா, எனக்கு முதுகிலை கண் இல்லை. நான் குனிஞ்சு நிண்டால் எனக்கு முன்னுக்கு ஒருத்தன்ர நெஞ்சுதான் தெரியும். வலப்பக்கம் என்ன நடக்குதெண்டு தெரியாது. ஆரும் ஒருத்தர் நிமிந்து நிண்டு பார்த்துச் சொல்லத்தானே வேணும். அவர் சொல்லாட்டி இண்டைக்கு நான் பிழையான பக்கம் தள்ளியிருப்பன்.”

“நிமிந்து நிண்டு பார்க்கிறது ஒரு வேலையே?”

“அது வேலை இல்லை எண்டால், நான் தள்ளுறதும் சும்மா மல்லுக்கட்டுத்தான்.”

செல்வராசா வானின் கதவைப் பிடித்துக்கொண்டு இடது காலை மடக்கிக் குந்தப் பார்த்தார். பாதியில் நின்றது. வலியை நாங்கள் பார்க்கக்கூடாது என்று, கீழே எதையோ தேடுவதுபோல நின்றார். பிறகு நிமிர்ந்தார்.

“நான் தேரோடை இவ்வளவு காலம் போறன்” என்றார், யாரிடம் என்றில்லாமல். “தேர் வாறதை ஒருநாளும் கண்டதில்லை. சில்லைத்தான் கண்டிருக்கிறன்.”

“அப்ப ஏறிப் பாருங்கோவன்” என்றான் பிரதாப். “உங்கடை கத்தல்தான் எங்களுக்குக் கேக்காதே. பயமில்லை.”

“கேக்கும். கேக்கப் பண்ணுறன்.”

போனை எடுத்தார். கலாதேவி எடுத்ததும், “இஞ்சை பார், அந்தத் துண்டு தோய்ச்சுக் கிடக்கோ?” என்று கேட்டார்.

மறுமுனையில் அவள் என்ன சொன்னாளோ, “சரி சரி, சப்பறத்துக்கு நேரமாச்சு, வாறம்” என்று வைத்துவிட்டார். வானுக்குள் ஏறியபின் வழி முழுவதும் ஹோல்டின் தோளைப் பற்றியே பேச்சு. அந்தத் தோளுக்கு என்ன எண்ணெய் நல்லது என்று என்னைக் கேட்டார். மூன்று கிழமை ஓய்வு நல்லது என்றேன்.

ஞாயிறு காலை நான் அவருடைய முழங்காலை இறுக்கிக் கட்டி, ஏணி வைத்துத் தேரின் முன் தட்டில் ஏற்றினேன். தூணில் ஒரு பட்டி கட்டி, பிடித்துக்கொள்ள வைத்தேன். விழுந்தால் எனக்குத்தான் வேலை. வெற்று மார்பு, இடுப்பில் பட்டு, கையில் வெள்ளைத் துண்டு. கீழே இடது சில்லில் பிரதாப், அவர் சீவிய புதுக்கட்டையோடு. சேயோன் வீங்கின விரல்களோடு வடத்தில்.

அரோகரா என்று தேர் வெளிக்கிட்டது. தொழிற்பேட்டை ரோட்டில் ஒரு குறையும் இல்லை. தவிலும் நாதஸ்வரமும் முழங்கின. செல்வராசா துண்டை ஆட்டினார். கத்தினார். எப்போதும்போல ஒருவருக்கும் கேட்கவில்லை. பிரதாப் தன்பாட்டில் சில்லைப் பார்த்துக் கட்டை போட்டான்.

கால்வாய்ப் பாலம் ஏறி மறுபக்கம் இறக்கம் தொடங்கியது. போன வருடம் சில்லு நகத்தை உரசிய இடம். பின்வடம் பிடித்தவர்கள் தேரைத் தாங்கிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நடந்தபடி பிரதாப்பின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது முன் சில்லு நடைபாதைக் கல்லை நோக்கிப் போவதை நான் காணவில்லை. இடது பக்கம் குந்தியிருந்த பிரதாப்புக்கும் தெரிய வழியில்லை. வலது பக்கம் குந்தியிருந்தவரின் கண்ணும் கட்டையிலேயே இருந்தது. மேலே நின்றவருக்குத்தான் தெரிந்தது.

செல்வராசா துண்டைத் தோளில் போட்டார். மேளக்காரரைப் பார்த்து இரண்டு உள்ளங்கைகளையும் கீழே அமர்த்தினார்.

தேர் ஓடும்போது மேளத்தை நிறுத்துகிற வழக்கம் எங்கும் இல்லை. தவில்காரர் நாதஸ்வரக்காரரைப் பார்த்தார். ஐயர் திரும்பி முறைத்தார். செல்வராசா மறுபடி அமர்த்தினார்.

“நிப்பாட்டச் சொல்லுறார்!” முன்னுக்கு நின்ற கலாதேவி கத்தினாள். “நிப்பாட்டுங்கோ!”

மேளம் நின்றது. பாலத்தில் அத்தனை சனம், ஆனால் மூச்சுச் சத்தம் இல்லை. வடம் முறுகுவது கேட்டது.

“பிரதாப், இடது கட்டை! வலது விடு! ...பொறு. ...பொறு. இப்ப எடு!”

கட்டை விழுந்தது. தேர் முனகிக்கொண்டு இடது பக்கம் முகம் திருப்பியது. வலது சில்லு கல்லை உரசாமல், ஒரு சாண் தள்ளி இறங்கியது. இறக்கம் முடிந்து தேர் சமநிலத்துக்கு வந்ததும் செல்வராசா துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினார்.

“அடியுங்கோ!”

அந்த அடி முருகனுக்கே புதிதாக இருந்திருக்கும். சனம் அரோகரா என்று கத்திய கத்தலில் பொலிஸ்காரரின் குதிரை பின்வாங்கியது. கவிசா ஒரு கையால் கண்ணைத் துடைத்தபடி மறுகையால் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

தேர் இருப்பிடத்துக்கு வந்ததும், ஏணி வைத்து அவரை இறக்கி, நிழலில் கதிரை போட்டு இருத்தினேன். முழங்காலில் ஐஸ் பையை வைத்துக் கட்டினேன். பிரதாப் உடம்பெல்லாம் தூசியும் கிரீசுமாக வந்து நின்றான்.

“பாலத்திலை வேலை முழுக்க எனக்கு. படம் முழுக்க உங்களுக்கு. மேலை நிண்டு ரெண்டு சொல்லுச் சொன்னதுக்குச் சனம் உங்களைத் தூக்கி வைச்சு ஆடுது. நீங்கள் ஊதிப் பெருப்பிச்ச ஆள், அண்ணை.”

“ஓமடா” என்றார் செல்வராசா. “கேட்டதோ இல்லையோ?”

“கேட்டது.”

கவிசா தான் எடுத்த படத்தை அவருக்கு அனுப்பியிருந்தாள். உள்ளங்கைகளை அமர்த்தியபடி அவர், பின்னால் சுவாமி, கீழே தேர் முழுவதும். போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். தன் முகத்தைப் பார்க்கவில்லை. விரலால் படத்தை விரித்து, விரித்து, இடது சில்லைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“பிரதாப், இஞ்சை வா. கட்டை ரெண்டு விரல் வெளியிலை கிடக்கு. வாற வருஷம் உள்ளுக்குப் போடு.”